கோட்டுக்கு இந்தப் பக்கம்

தம்பி, அந்த முதுகு மூட்டையை இறக்கிக் கீழே வையுங்களேன். வரிசை இப்போதைக்கு நகராது. காலையில் முதலில் சுமை தூக்குகிறவர்களை விடுவார்கள், பிறகு கடைக்காரர்களை. அதற்கப்புறம்தான் உங்களைப் போல ஊர் பார்க்க வந்தவர்கள், என்னைப் போலச் சம்பந்தி வீட்டுக்குப் போகிறவர்கள். வைத்துவிட்டீர்களா? அப்படியே இந்த அடுக்குத் தூக்கையும் பிடித்துக்கொள்ளுங்கள். சாய்க்காதீர்கள். மேலே எலுமிச்சைச் சாதம், கீழே புளிச்சாதம், அதற்கும் கீழே தேங்காய்ச்சாதம். என் மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்குப் போகிறேன். வளையல் இதோ, மடியில் இருக்கிறது.

தமிழ் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பார்க்கிறீர்களா? வரிசையில் வந்து நின்றதுமே 'அய்யோ, என்ன வெயில்' என்று முனகினீர்களே. இந்த மோரேயில் மணிப்பூர்க்காரர்கள் உண்டு, குக்கிகள் உண்டு, நேபாளிகள் உண்டு. வெயிலைத் தமிழில் திட்டுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான்.

நான் வள்ளிக்கண்ணு. அதோ, பச்சைத் தகரம் போட்ட இட்லிக்கடை என்னுடையது. அதற்கு எதிரே இந்தக் கம்பிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் பர்மா. தரையில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதா, அதுதான் எல்லை. பிறந்ததிலிருந்து இந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இட்லி அவித்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. இன்றைக்குத்தான் முதல் முறை. சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் அப்பா ரங்கூனில் பிறந்தவர். பர்மாவிலிருந்து தமிழர்களைக் கப்பலேற்றி அனுப்பினார்களே, அப்போது மெட்ராசுக்கு வந்தார். முகாமில் இருக்கப் பிடிக்கவில்லை. எப்படியாவது திரும்பிப் போய்விடலாம் என்று இன்னும் பலரோடு சேர்ந்து வடக்கே வந்து, மலையெல்லாம் ஏறி இறங்கி, இந்த இடத்துக்கு வந்தார். இங்கே நிறுத்திவிட்டார்கள். "நான் பொறந்த ஊருக்குத்தான் போறேன்" என்று சொல்லிப் பார்த்தாராம். 'வா' என்று ஒரு ஆள் சொல்லவில்லை. நீங்கள் மூட்டையை இறக்கினீர்கள் பாருங்கள், அதேமாதிரி அவரும் மூட்டையைக் கீழே போட்டு, "வான்னு சொல்லாத வாசலை என் வீட்டுக் கால் மிதிக்காது" என்றாராம். அதன் பிறகு இங்கேயே கடை வைத்தார். வாசலைப் பார்த்த மாதிரியே வைத்தார். கோபம் என்றால் அப்படிக் கோபம்.

அந்த வீட்டுக் கால்தான் என் கால். என் மகள் பூங்கோதையின் காலும் அதுதான். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையனுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். அங்கே நம்பாலோங் சந்தைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவன். தமிழ்ப் பையன்தான். ஆனால் பாருங்கள், ஆளுக்கு ரெண்டு பெயர். வீட்டில் திருமேனி, வெளியில் ஜோ லின். 'ரெண்டு பேர் வச்சிருக்கிறவனை எந்தப் பேரைச் சொல்லித் திட்டுறது?' என்று கேட்டேன். அதைவிடப் பெரிய விஷயம், அவன் வெளிநாடு. எங்கள் அப்பாவை உள்ளே விடாத நாடு. அந்த வாசல் வழியாக என் பெண்ணை அனுப்புவதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். பூங்கோதை நல்ல பெண். என் சொல்லைத் தட்டவே மாட்டாள். மாடிக்குப் போய் வடகம் காயவைத்தாள்.

அவளுக்கு வடகம் என்றால் அப்படி ஒரு பிரியம். மழைக்காலத்தில்கூடக் காயவைப்பாள். எங்கள் மாடியில் நின்றால் அந்த வெளிநாட்டுக்காரன் வீட்டுத் துணிக்கொடி தெரியும். எந்தச் சட்டை காய்கிறது, எந்தச் சட்டையில் பொத்தான் இல்லை என்பதுவரை தெரியும். அவர்களும் ஒரு மாதிரியான ஆட்கள்தான். தினமும் மதியம் ஒரே ஒரு சிவப்புக் கைலியை மட்டும் காயப்போடுவார்கள். தூறலில்கூட அது கொடியில் கிடக்கும். "இவங்களுக்குத் துணி காயப்போடவும் தெரியல பாரு" என்று பூங்கோதையிடம் சொன்னேன். "ஆமாம்மா" என்றாள்.

இப்போது ஒரு ஜோடி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மூட்டையைப் பார்த்ததும் அவர்கள் நினைவுதான் வந்தது.

தை மாதம். இம்பாலிலிருந்து வருகிற முதல் வண்டியில் வந்து இறங்கினார்கள். அவனுக்கும் அவளுக்கும் முதுகில் ஆளுயர மூட்டை. தலையெல்லாம் செம்மண். அவனுக்குத் தாடி. அவளுக்கு ஆம்பிளைப் பிள்ளை மாதிரிக் கிராப்பு, முழங்கால் கிழிந்த கால்சட்டை. என் கடைக்கு வந்து உட்கார்ந்து, இட்லியைப் பார்த்ததும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பத்து நாளாச்சுங்கம்மா இட்லியைப் பார்த்து" என்றாள். ஈரோட்டுப் பக்கமாம். அவள் பெயர் ரேணுகா, அவன் பெயர் இளம்பரிதி. "சாயங்காலத்துக்குள்ள அந்தப் பக்கம் போய்ச் சுத்திப் பார்த்துட்டு வந்துரலாம்னு இருக்கோமுங்க. அடையாள அட்டையைக் கொடுத்தா ஒருநாள் சீட்டு தருவாங்களாமே?"

நான் சாம்பார் ஊற்றிவிட்டு உள்ளே வந்தேன். பூங்கோதை என் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, அந்த அக்கா கழுத்தைப் பார்த்தியா?"

பார்த்தேன். வெறுங்கழுத்து.

"மூட்டையைப் பார்த்தியா? வீட்டுச் சாமானெல்லாம் கட்டிக்கிட்டு வந்திருக்காங்க. எனக்கு என்னமோ, ஓடி வந்தவங்க மாதிரித் தெரியுது."

பாருங்கள் தம்பி, என் வயிற்றில் பிறந்தவள். என் கண் அப்படியே அவளுக்கு. நான் பார்ப்பதற்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள். அவள் சொன்னதும் எனக்கு எல்லாமே விளங்கிவிட்டது. பத்து நாளாய் இட்லி இல்லை என்றால் பத்து நாளாய் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியா முழுவதும் ஓடி, ஓடுவதற்கு இடம் தீர்ந்துபோய், இப்போது எல்லையைத் தாண்டப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் போய்விட்டால் யார் கேட்பார்? அந்தப் பெண்ணின் கதி?

நான் போய் ரேணுகா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கண்ணு, உங்க அம்மா அப்பா எங்க இருக்காங்க?"

"ஈரோட்டுலதானுங்கம்மா. அம்மாகிட்டத்தான் நம்ம…"

"போதும். சொல்ல வேணாம்."

"இல்லீங்கம்மா, எங்க பையனை…"

"எந்தப் பையன்னு எனக்குத் தெரியுது. எதிர்லயே உட்கார்ந்து நாலாவது இட்லி திங்கிறான். எனக்கு எல்லாம் தெரியும் கண்ணு. நீ வாயைத் திறக்காத. இது உங்க வீடு மாதிரி."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். பயந்துபோன பிள்ளைகள்.

கொஞ்ச நேரத்தில் பூங்கோதை அவளைக் கை கழுவக் கொல்லைப்புறம் அழைத்துப் போனாள். கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? இவர்கள் போய் இட்லி ஒரு ஈடு வெந்து இறங்கிவிட்டது. நடுவில் அந்தப் பெண் 'கெக்கெக்கே' என்று சிரித்தது கேட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பாவம், சிரித்து எத்தனை நாளோ! திரும்பி வந்தவள் அவன் காதில் என்னவோ சொன்னாள். அவனுக்குப் புரையேறிவிட்டது. நான்தான் தலையில் தட்டிவிட்டேன்.

பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறக்கவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்.

நான் யோசித்தேன். போகாதே என்று சொன்னால் சந்துபொந்து வழியாகப் போய்விடுவார்கள். அதனால், "தாராளமா போயிட்டு வாங்க. மூட்டை மட்டும் இங்க இருக்கட்டும், முதுகு வலிக்கும்" என்றேன். மூட்டை என் கையில் இருந்தால் ஆள் திரும்பி வந்துதானே ஆகவேண்டும்? அப்படியும் மனசு கேட்கவில்லை. கூட ஒரு ஆள் போகவேண்டும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் போகமுடியாது, அப்பா சொல் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரருக்கு மாவாட்டுகிற வேலை, தவிர அவர் பேசவே மாட்டார். அவரை அனுப்பினால் அந்த ஜோடி காணாமல் போனதைக்கூட வந்து சொல்லமாட்டார்.

"பூங்கோதையை அனுப்பு" என்றார்.

தம்பி, எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவராக வாயைத் திறந்து ஒரு யோசனை சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அசந்துபோய் நின்றேன்.

"அய்யோ, நான் மாட்டேம்மா" என்றாள் பூங்கோதை. "அந்த வாசலை நம்ம கால் மிதிக்கக் கூடாதுன்னு தாத்தா சொல்லியிருக்காரே."

எவ்வளவு நல்ல பெண் பாருங்கள்! "தாத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று அவர் படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். "ஒரு பொண்ணோட வாழ்க்கை கண்ணு. ஒரே ஒரு தடவை போயிட்டு வா." நானேதான் சொன்னேன். மூன்று தடவை சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டாள். அதுவும் விருந்தாளிகளோடு போகிறோமே என்று மரியாதைக்கு அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். போகிற வழியில் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றிவிட்டு, பூசாரியிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனாள். பக்தி அதிகம்.

சீட்டு வாங்கிக்கொண்டு மூன்று பேரும் கோட்டைத் தாண்டினார்கள். நான் இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பூங்கோதை அந்தப் பக்கம் கால் வைத்ததும் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகை போட்டிருந்தார்கள் அன்றைக்கு, கொசுவுக்கு.

சரி, உட்கார்ந்து அழுவதற்கா நேரம்? அவர்கள் திரும்பி வருவதற்குள் நான் ஒரு கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்யவேண்டும். ஆமாம், தம்பி. கோயிலில் வைத்துத் தாலியைக் கட்டிவிட்டால் யார் வந்து பிரிக்க முடியும்? மஞ்சள் கயிறு வாங்கினேன். மாலைக்குச் சொன்னேன். கடையை மூடிவிட்டு, பெரிய அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன்.

விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. கோயில் கமிட்டித் தலைவர் சொக்கலிங்கம் வந்துவிட்டார்.

"என்ன வள்ளிக்கண்ணு, யாரு எவருன்னு தெரியாத பிள்ளைங்களுக்குக் கோயில்ல கல்யாணமா? பெத்தவங்க சம்மதம் வேணாமா?"

எனக்கு வந்ததே கோபம். கரண்டியோடு தெருவுக்கு வந்தேன்.

"ரெண்டு மனசு ஒத்துப்போச்சு. அதுக்கு மேல என்ன சம்மதம்? பிள்ளைங்க கண்காணாத ஊருக்கு ஓடுற அளவுக்கு விட்டாங்களே, அவங்கெல்லாம் பெத்தவங்களா? சாதி என்ன, ஊரு என்ன, கோடு என்ன? குறுக்க நிக்கிறவ அம்மாவே இல்ல, ஆமா!"

தெருவே கை தட்டியது. மளிகைக்கடை நேபாளிக்குத் தமிழ் தெரியாது, அவனும் தட்டினான். எங்கள் வீட்டுக்காரர் மாவாட்டுவதை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்று கேட்டார். சொக்கலிங்கம், "இதை நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டோம், வள்ளிக்கண்ணு" என்று சிரித்தபடியே போனார். என்னை எதிர்த்துப் பேசமுடியாதபோது மனுஷன் சிரித்துத்தானே ஆகவேண்டும்?

பூசாரியிடம் போனேன். "பிள்ளைங்களோட நட்சத்திரம் கேட்கணுமா?" என்றேன்.

"பொண்ணு நட்சத்திரம் நமக்குத் தெரிஞ்சதுதானே" என்றார்.

"ஈரோட்டுப் பொண்ணு நட்சத்திரம் உமக்கெப்படித் தெரியும்?"

"அம்பாள் சந்நிதியில எல்லாம் ஒரே நட்சத்திரம்னு சொல்ல வந்தேன், தாயி." பூசாரிக்கு வயதாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் எங்கள் வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருக்கிறார். பொங்கலுக்கு எடுத்த புது வேட்டியைக் கட்டியிருக்கிறார். யாரோ பெற்ற பிள்ளைகள் கல்யாணத்துக்கு இவருக்கு இவ்வளவு ஆசை!

வெயில் இறங்கியது. இந்த வாசலில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் கதவைச் சாத்துவதற்கு முன்னால் மணி அடிப்பார்கள். அதற்குள் அந்தப் பக்கம் போனவர்கள் திரும்பிவிட வேண்டும். முதல் மணி அடித்தாகிவிட்டது. சுமைக்காரர்கள் வந்துவிட்டார்கள். துடைப்பக்காரி வந்துவிட்டாள். கம்பளி வாங்கப் போன கூட்டம் கம்பளியோடு வந்துவிட்டது. என் மகளைக் காணவில்லை.

நான் இந்தக் கோட்டருகே வந்து நின்றேன். எட்டிப் பார்த்தேன். சந்தையில் கடைகளை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். ஒரு பட்டுப்புடவையும் தெரியவில்லை. எனக்கு அந்த ஜோடி மறந்துபோச்சு, தம்பி. பொங்கல் மறந்துபோச்சு. 'பூங்கோதை!' என்று கத்தினேன். கத்தினால் கேட்கிற தூரம்தான். ஆனால் அது வெளிநாடு. கேட்டாலும் யார் அனுப்புவார்கள்? எங்கள் அப்பாவை இந்தக் கதவு வெளியே நிறுத்தியது. என் பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளப் போகிறதோ?

காவலுக்கு நின்ற சிப்பாய், "மாஜி, உள்ளே போய்க் கூட்டி வாங்களேன், நான் பார்த்துக்கறேன்" என்று இந்தியில் சொன்னான். காலைத் தூக்கினேன். சத்தியமாகத் தூக்கினேன். கோட்டுக்கு மேலே என் கால் அந்தரத்தில் நிற்கிறது. அதைக் கீழே வைப்பதற்குள், "அம்மா!" என்று குரல் வந்தது. காலை இந்தப் பக்கமே வைத்துவிட்டேன்.

வந்தார்கள். ஊர்வலம் மாதிரி வந்தார்கள். முன்னால் அந்த ஜோடி. கன்னத்தில் வட்டமாக மஞ்சள் நிறத்தில் தனக்கா பூசியிருந்தார்கள், அதுதான் பர்மாக்காரர்கள் பூசுகிற சந்தனம். ரேணுகா கையில் பூப்போட்ட காகிதக் குடை. சந்தை பார்த்தார்களாம், புத்தர் கோயில் பார்த்தார்களாம், நூடுல்ஸில் கடலைமாவு போட்டுப் பிசைந்த அத்தோ தின்றார்களாம். அவர்களுக்குப் பின்னால் என் மகள். அவள் கன்னத்திலும் தனக்கா. அவளுக்குப் பின்னால் அந்த ரெண்டு பெயர்க்காரன், பட்டுக் கைலி, வெள்ளைச் சட்டை. எல்லாப் பொத்தானும் இருந்தது. அவன் அம்மா நாச்சம்மை கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் புதுப் புடவை, பழம், வெற்றிலை.

"இவங்க எதுக்கு?" என்றேன்.

"கல்யாணத்துக்கு வந்தோம்" என்றாள் நாச்சம்மை. "இங்க கல்யாணம்னு சொன்னாங்களே."

வெளிநாட்டுக்காரர்களானாலும் முறை தெரிந்தவர்கள். கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு வரவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோயிலில் ஊரே இருந்தது. விளக்கு ஏற்றியாகிவிட்டது. பூசாரி மாலையை எடுத்து, "பொண்ணு மாப்பிள்ளையை அழைச்சுக்கிட்டு வாங்க" என்றார். நான் ரேணுகாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். அவள் வரவில்லை.

"அம்மா, இப்ப வாயைத் திறக்கலாமுங்களா?"

"திற கண்ணு."

"எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் ஆச்சுங்க. தாலி பத்திரமா பீரோவுல இருக்குதுங்க. பையன் ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான். எங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கோம். காலையிலயே சொல்ல வந்தேன். நீங்கதானுங்க…"

எட்டு வருஷம் கல்யாணமானவர்கள் எதற்குத் தம்பி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்? வீட்டில் உட்காரமாட்டார்களா? ஊரெல்லாம் சிரிக்கிறது. மாலை பூசாரி கையில். பொங்கல் அண்டாவில். நான் நடுவில்.

அப்போதுதான் பூங்கோதை முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் அவன்.

"அம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"முடியாது" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ரெண்டு மனசு ஒத்துப்போச்சு. அதுக்கு மேல என்ன சம்மதம்? கோடு என்ன? குறுக்க நிக்கிறவ…"

எங்கள் வீட்டுக்காரர்! பேசாத மனுஷன், என் வார்த்தையை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்கிறார்.

"அது அடுத்தவங்க பிள்ளைங்களுக்குச் சொன்னது!" என்று கத்தினேன்.

சொக்கலிங்கம் மேலே சுவரைப் பார்த்தார். நாச்சம்மை என் கிட்டே வந்து மெல்லச் சொன்னாள், "உங்கப்பா விஷயம் பூங்கோதை சொன்னா. எங்கப்பாவும் அந்தக் கூட்டத்துல வந்தவர்தான். ராத்திரியோட ராத்திரியா ஆத்துல இறங்கி அந்தப் பக்கம் போயிட்டாரு. அவ்வளவுதான் வித்தியாசம். நீங்க எங்க வாசலுக்கு வர வேணாம். நாங்க வந்திருக்கோம், பாருங்க."

நான் பூங்கோதையைப் பார்த்தேன். மாலையை வாங்கக் கையை நீட்டியிருந்தாள். நீட்டின கை நடுங்கிக்கொண்டே இருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் நடுங்கும். நான் பிடித்துக்கொண்டால் நிற்கும். பிடித்துக்கொண்டேன். நின்றது.

"குளிருதும்மா" என்றாள்.

"தை மாசம்னா குளிரத்தான் செய்யும்" என்றேன். பூசாரியைப் பார்த்து, "என்ன வேடிக்கை பார்க்கிறீரு? அண்டாப் பொங்கல் ஆறுது. கட்டச் சொல்லும்!" என்றேன்.

இதை நன்றாகக் கவனியுங்கள், தம்பி. அந்தக் கல்யாணத்தை முடிவு செய்தது நான். என்னை யாரும் ஏமாற்றவில்லை, வற்புறுத்தவில்லை. வாங்கின மாலை வீணாகக் கூடாது, வைத்த பொங்கல் வீணாகக் கூடாது என்று அந்த இடத்திலேயே யோசித்து முடிவெடுத்தேன். இவர்கள் யாருக்கும் அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள்தான் போடவேண்டும். அவனுக்கு அக்கா தங்கச்சி இல்லை. ரேணுகா போட்டாள். அப்போது அவள் அழுதாள், அந்த இளம்பரிதியும் கண்ணைத் துடைத்தான். எட்டு வருஷமானாலும் கல்யாணத்தைப் பார்த்தால் அழுகிறார்கள் என்றால் நல்ல பிள்ளைகள்தான். நான் கோபத்தை விட்டுவிட்டேன். இப்போதும் ஃபோனில் என்னை 'அத்தை' என்றுதான் கூப்பிடுகிறாள்.

அதற்கப்புறம் பூங்கோதை தினமும் காலையில் முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டி வந்து அடுப்புப் பற்றவைப்பாள். சாயங்காலம் மணி அடித்ததும் போய்விடுவாள். வெளிநாட்டில் கட்டிக்கொடுத்தேன் என்றுதான் பெயர். வயிறு தெரிய ஆரம்பித்ததும் நாச்சம்மை, 'இந்த மேட்டுல ஏறி இறங்க வேணாம்' என்று நிறுத்திவிட்டாள். ஆடி மாதத்திலிருந்து அவளைக் கிட்டத்தில் பார்க்கவில்லை.

இப்போது நான்தான் மாடியில் வடகம் காயவைக்கிறேன். மழையானாலும் வைக்கிறேன். பூங்கோதை ஒரு வழி சொல்லியிருக்கிறாள். மதியம் கொடியில் சிவப்புக் கைலி கிடந்தால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தமாம். எப்படி ஒரு யோசனை பார்த்தீர்களா! எங்கேதான் கற்றுக்கொண்டாளோ.

நேற்று ரெண்டு கைலி கிடந்தது. ஒன்று பெரியது, பக்கத்தில் கையகலத்துக்குக் கிழித்த துணி ஒன்று, சின்னப் பிள்ளைக்கு இடுப்பில் சுற்றுகிற அளவுக்கு. மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வடகத்தைக் காக்கா தின்றதுகூடத் தெரியவில்லை. கீழே வந்து எங்கள் வீட்டுக்காரரிடம், "வளைகாப்புக்குச் சாதம் கிண்டணும், அரிசியை ஊறவைங்க" என்றேன். அரிசி ஊறிக்கொண்டிருந்தது. மனுஷனுக்கு எப்படித்தான் தெரியுமோ. தம்பி, வளைகாப்புப் போட்டுப் பெண்ணைக் கூட்டிவருவது பெற்றவள் வேலை. அதற்கு ஆள் அனுப்ப முடியாது. அப்பா இருந்தாலும் இதற்கு ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லவா போகிறார்? படத்தில் கொஞ்சம் முறைத்த மாதிரிதான் இருந்தது. அவர் எப்போதுமே படத்தில் அப்படித்தான்.

வரிசை நகர்கிறது. மூட்டையைத் தூக்குங்கள். மெல்ல, மெல்ல. தூக்குச் சட்டி!

சீட்டு வாங்கிவிட்டேன். இதோ கோடு. இங்கேதான் தம்பி, அன்றைக்கு என் கால் அந்தரத்தில் நின்றது. கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு முன்னால் போய்விடாதீர்கள்.

அதோ, குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, கன்னத்தில் தனக்கா, அவள்தான் என் சம்பந்தி நாச்சம்மை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது என் மகள். நடக்காதே என்றால் வாசல்வரை வந்து உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள். சொன்ன பேச்சைக் கேட்கவே மாட்டாள். யாரைக் கொண்டு பிறந்தாளோ!

கேட்டீர்களா? "வாங்க சம்பந்தி, வாங்க!" என்கிறாள்.

இல்லை, தம்பி, காலில் ஒன்றும் இல்லை. கொசுப் புகை. கண்ணில் பட்டுவிட்டது. எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள். நன்றாகச் சத்தமாகச் சொல்லுங்கள், உங்களுக்குத்தான் குரல் இருக்கிறதே. முதலில் சொன்னது எங்கள் அப்பாவுக்கு. எனக்குத் தனியாக ஒன்று சொல்லட்டும்.

ஆங், சொல்லிவிட்டாள்.

தூக்கை இப்படிக் கொடுங்கள். சாய்க்காமல்.